நூற்று அறுபது சதவீதப் பயனாளி

பதினேழாம் எண் விண்ணப்பத்தில், ‘செய்த சேவையின் விவரம்’ என்ற கட்டத்துக்குள் ‘ஒன்றும் செய்யவில்லை’ என்று எழுதியிருந்தது. அடுத்த கட்டத்தில், ‘சேவை நேரம்: 92 மணி.’ அதற்கும் கீழே பயனாளியின் கையெழுத்து. கையெழுத்துக்குப் பக்கத்தில் பயனாளியே தன் கையால் ‘ரொம்ப உதவி’ என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தார்.

ஏசுவடியான் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். ஒன்றும் செய்யாமல் தொண்ணூற்றிரண்டு மணி நேரம் ஒருவருக்கு எப்படி உதவ முடியும் என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

அவர் இப்படித் திணறுகிற ஆள் அல்ல. ஒரகடத்தில் லாரிக் கதவுகளுக்குக் கீல் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளர். சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து வந்து எட்டு வருஷமாகிறது. அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கேஜ் இருக்கும். அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவ்வளவு அழகான பொருள் அது. விரல் நீளத்தில் ஒரு எஃகுத் தண்டு. இரண்டு முனைகள். கீலில் இருக்கும் துளைக்குள் ஒரு முனை போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. இரண்டும் போனால் துளை பெரிது. இரண்டுமே போகாவிட்டால் துளை சிறிது. அளவுகோல் வேண்டாம், கணக்கு வேண்டாம், துளை யாருக்கு உறவு என்று விசாரிக்கவும் வேண்டாம். இதைவிட நேர்மையான ஒன்றை ஏசுவடியான் பார்த்ததில்லை.

இந்த நேர்மைதான் அவரை வம்பில் மாட்டிவிட்டது. தொழிற்சாலை 2011-இல் சுற்றுவட்டார மாணவர்களுக்காக ‘நற்பண்பு உதவித்தொகை’ என்ற ஒன்றைத் தொடங்கியது. சேவையும் குணமும் உள்ள பத்து மாணவர்களுக்கு ஒரு வருஷக் கல்லூரிக் கட்டணம். இதைப் பார்த்துக்கொள்ள வந்தவர் வனமாமலை. அதுவரை ஸ்டோர்ஸில் போல்ட், நட்டு வரவு பார்த்துக்கொண்டிருந்தவர்.

“குவாலிட்டின்னா குவாலிட்டிதான். கீலா இருந்தா என்ன, கேரக்டரா இருந்தா என்ன?” என்று அவர் முதல் கூட்டத்திலேயே சொன்னார். தரம் பார்க்க ஏசுவடியானைக் குழுவில் சேர்த்தார்.

விண்ணப்பம் பதினான்கு பக்கம். குறைந்தது அறுபது மணி நேரச் சேவை வேண்டும். குணத்துக்கு நூறு மதிப்பெண். அதில் பணிவுக்கு இருபது. பணிவைக் குறைந்தது மூன்று சான்றிதழ்களோடு நிரூபிக்க வேண்டும். ஒவ்வொரு சேவைக்கும் மூன்று புகைப்படங்கள்: சேவைக்கு முன், சேவையின்போது, சேவைக்குப் பின். மூன்றாவது படத்தில் பயனாளி சிரித்திருக்க வேண்டும். பல் தெரிந்தால் கூடுதலாக இரண்டு மதிப்பெண்.

முதல் வருஷம் ஒரு மாணவன் உதவி செய்த ஏழை முதியவர், விசாரித்ததில், அவனுடைய சொந்தச் சித்தப்பா என்று தெரிந்தது. அவருக்கு இரண்டு லாரி ஓடியது. இரண்டாம் வருஷம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்த ஒரே ஊர்வலத்தை நானூறு பேர் தங்கள் சேவையாக எழுதிக்கொண்டார்கள். ஏசுவடியானுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு விதிகளை அவரே உட்கார்ந்து எழுதினார்.

விதி ஏழு: அங்கீகரிக்கப்பட்ட பயனாளிக்குச் செய்த சேவை மட்டுமே சேவை. ஆதரவற்ற விதவைச் சான்றிதழ், ரேஷன் அட்டை, முகவரிச் சான்று மூன்றும் இருந்தால்தான் அங்கீகாரம். தொழிற்சாலைக்கு இரும்பு தருகிறவர்களுக்கும் இப்படித்தான் ஒரு பட்டியல் உண்டு. பட்டியலில் இல்லாதவரிடம் தங்கமே இருந்தாலும் வாங்கக் கூடாது.

விதி எட்டு: சேவையை ஒவ்வொருவரும் தனியாகச் செய்ய வேண்டும். கூட்டமாகச் செய்தால் கணக்கில் வராது.

பயனாளிகளைக் கண்டுபிடிக்க 2013 ஏப்ரலில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. நாற்பத்தாறு பேர் கிடைத்தார்கள். சிலரிடம் சான்றிதழ் இருந்தது, அட்டை இல்லை. சிலரிடம் அட்டை இருந்தது, அதில் செத்துப்போன மாமனாரின் படம் இருந்தது. மூன்று தாள்களும் சரியாக இருந்து, அவற்றுக்கு பிளாஸ்டிக் உறையும் போட்டு வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். மீனம்மாள். வயது நாற்பத்தைந்து. வல்லக்கோட்டை போகிற சாலையில் ஒற்றை அறை வீடு.

இப்போது பதினேழாம் விண்ணப்பத்திலும் அவர் கையெழுத்துதான். எழுதியிருந்த மாணவி பாண்டிச்செல்வி. தண்டலத்துப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் முதல் வருஷம் முடித்தவள்.

சேவை இல்லை, ஆனால் நேரம் இருக்கிறது. புகைப்படம் ஒன்றுகூட இல்லை. கேஜின் ஒரு முனையும் உள்ளே போகவில்லை. ஏசுவடியான் சிவப்பு ‘ரிஜெக்ட்’ முத்திரையை எடுத்துக் குத்தினார். முத்திரை கொஞ்சம் கோணலாக விழுந்தது. அது அவருக்கு உறுத்தியது. அப்போதைக்கு அது மட்டும்தான் உறுத்தியது.

மீதி இருபத்தொன்பது விண்ணப்பங்களின் நேரத்தைக் கூட்டினார். எல்லாம் மே மாதம், எல்லாம் மீனம்மாளுக்கு, எல்லாம் விதி எட்டின்படி தனித்தனியாக. மொத்தம் 1,190 மணி. மே மாதத்துக்கு முப்பத்தொரு நாள். இருபத்துநான்கால் பெருக்கினால் 744 மணிதான் வருகிறது. மீண்டும் கூட்டினார். மாதம் நீளவில்லை.

வனமாமலையிடம் ஓடினார். “சார், இது நடக்க முடியாது. ஒரு மனுஷிக்கு மாசத்துல இருக்கிற நேரத்தைவிட அதிக நேரம் சேவை நடந்திருக்கு.”

வனமாமலை தாளை வாங்கிப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

“ஆயிரத்து நூத்தித் தொண்ணூறு டிவைடட் பை எழுநூத்தி நாப்பத்திநாலு. எவ்ளோ வருது? நூத்தி அறுபது பர்சன்ட்! ஏசு, நம்ம பிரஸ் ஷாப்ல ஒரு மெஷினாவது எண்பத்தஞ்சைத் தாண்டியிருக்கா?”

“இல்ல சார், ஆனா...”

“ஒரு பயனாளியை நூத்தி அறுபது பர்சன்ட் யூஸ் பண்ணியிருக்கோம். இது உலகத்துலயே கிடையாது. ஸ்லைடுல போடு. பச்சைக் கலர்ல போடு.”

ஏசுவடியானுக்கு அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. பொருந்தாத கணக்கோடு அவரால் சாப்பிட முடியாது. மறுநாள் வார விடுமுறை. காலை பத்து மணிக்கு மீனம்மாள் வீட்டைத் தேடிப் போனார்.

வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. தெருவில் அது மட்டும்தான் கண் கூசுகிற வெள்ளையில் நின்றது. வாசலில் ஏழெட்டு மரக்கன்றுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருந்தன. கதவில் ஒரு பெரிய பூட்டு தொங்கியது. கதவுக்கு முன்னால், கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவின் மேல் ஒரு பெண் உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எதிரே ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு ஒரு பையன்.

“அக்கா எப்ப வருவாங்க?” என்றான் பையன்.

“ஒரு மணிக்கு மேல வா.”

“எனக்கு அறுபதுக்கு ரெண்டு மணி நேரம் கொறையுதுங்க. மே மாசத் தேதி போட்டுக்குவேன். பிரஷர் பாத்துட்டுப் போயிடுவேன்.”

“நேத்து அஞ்சு பேரு பாத்தாச்சு. ஒவ்வொருத்தன் பாக்கப் பாக்கத்தான் பிரஷர் ஏறுது. போ.”

பையன் போன பிறகு ஏசுவடியான் தன் பெயரைச் சொன்னார். அவள் எழுந்து நின்றாள்.

“சிவப்பு முத்திரை குத்தினது நீங்கதானா அண்ணாச்சி? நான் பாண்டிச்செல்வி. லிஸ்டு கேட்டுல ஒட்டியிருக்குன்னு உங்க கம்பெனில வேல பாக்குற எங்க அக்கா சொன்னா. நீங்க நம்ம ஊர்ப் பக்கமா?”

“சாத்தான்குளம். ஏம்மா, ஒண்ணும் செய்யலன்னு எழுதியிருக்கியே...”

“மெதுவாப் பேசுங்க.” அவள் விரலை உதட்டில் வைத்தாள். “உள்ள தூங்குதாவ.”

ஏசுவடியான் பூட்டைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். கதவுகளைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் அவர். ஆனாலும் வெளியே பூட்டிய வீட்டுக்குள் ஒருவர் தூங்குவது அவருக்குப் புதிது.

பாண்டிச்செல்வி விளக்கினாள். மீனம்மாள் அக்கா நைட் ஷிப்டில் தரை துடைக்கிறவர். காலை ஏழரைக்கு வீடு வந்து, குளித்துச் சாப்பிட்டு, ஒன்பது மணிக்குப் படுப்பார். மே ஒன்றாம் தேதியிலிருந்து ஒன்பது மணிக்குச் சேவை வந்து கதவைத் தட்டத் தொடங்கியது. ஒன்று போனால் இன்னொன்று. எட்டு நாள் அக்கா தூங்கவே இல்லை. அடுத்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் பாண்டிச்செல்விக்கு அப்போது செமஸ்டர் லீவு. ஒன்பதாம் தேதி காலையில் அவள் ஒரு பூட்டு வாங்கி வந்து முன்கதவை வெளியே பூட்டினாள். பூட்டைப் பார்த்தால் சேவை திரும்பிப் போய்விடும். அவசரத்துக்குப் பின்கதவு உண்டு, அதற்கு உள்தாழ்ப்பாள். ஒன்பது முதல் ஒன்று வரை நான்கு மணி நேரம், இருபத்து மூன்று நாள்.

ஏசுவடியான் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார். தொண்ணூற்றிரண்டு. அவர் பார்த்த விண்ணப்பங்களிலேயே கணக்குச் சரியாக இருந்தது இது ஒன்றுதான்.

“இதை எழுதியிருக்கலாம்லாம்மா?”

“என்னன்னு எழுத? பூட்டிட்டுச் சும்மா உக்காந்து என் பாடத்தப் படிச்சேன். அதப் போயி சேவைன்னு எழுதினா பொய்யில்லா? நேரம் எவ்வளவுன்னு கேட்டிருந்துச்சு. அது எழுதினேன்.” நோட்டை மூடினாள். “பன்னெண்டாம் தேதிக்குள்ள ரெண்டாம் வருஷ ஃபீஸ் கட்டணும் அண்ணாச்சி. இல்லன்னா எங்க அக்கா வேல பாக்க லைன்லயே டிரெய்னியா சேந்துரலாம்னு இருக்கேன். ஃபாரம் வாங்கியாச்சு. அது ரெண்டே பக்கம்தான்.”

ஒரு மணிக்கு அவள் பூட்டைத் திறந்தாள். மீனம்மாள் முகம் கழுவிக்கொண்டு வந்து ஏசுவடியானுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“கம்பெனிலருந்து வந்துகிறீங்களா? போட்டோ எடுக்கணுமா? இருங்க சார், சிரிச்சிடறேன்” என்று பல்லைக் காட்டி நின்றார்.

வேண்டாம் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

“பதினோரு தபா சுண்ணாம்பு அடிச்சிட்டாங்க சார். செவுரு தடிச்சுப் போயி பீரோவ நவுத்த முடியல. பதினாலு புள்ளைங்க எனுக்கு எழுத்துச் சொல்லிக் குட்துச்சுங்க. எல்லாம் ‘அ’னாலதான் ஆரம்பிக்கும். அதுக்குள்ள அதுங்க டைம் முட்ஞ்சிடும். நான் எட்டாங்கிளாஸ் பாஸ் சார்.”

“அப்புறம் ஏன் எல்லாரும் எழுதின நேரத்துக்கெல்லாம் கையெழுத்துப் போட்டீங்க?”

“படிக்கிற புள்ளைங்க. போடலன்னா ஃபீஸ் கெடைக்காதுன்னு நிக்குதுங்க. ஒரு கையெழுத்துல எனுக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது?” அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். வேலை நேரத்தில் தூங்கியதற்கு மெமோ. மே எட்டாம் தேதி. ஏசுவடியானின் தொழிற்சாலையே கொடுத்தது. “அப்பறம் இந்தப் பொண்ணு பூட்டு போட்டுச்சு, பொழச்சேன். ஆமா சார், என் ஒருத்திக்குத்தான் எல்லாம் செய்யணும்னு யாரு சார் ரூலு போட்டது?”

ஏசுவடியான் தண்ணீர் வாங்கிக் குடித்தார். முழுச் செம்பையும் குடித்தார்.

“கமிட்டி” என்றார்.

மீனம்மாள் மெமோவை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, “கமிட்டின்னா சரிதான்” என்றார்.

நேர்மைக்கு இருபது மதிப்பெண் என்று அந்தப் பதினான்கு பக்கத்தில் ஓர் இடத்தில் அச்சடித்திருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது ஏசுவடியான் பையில் இருந்த கேஜைத் தொடவில்லை.

திங்கட்கிழமை வனமாமலையிடம் எல்லாவற்றையும் சொல்லி, முத்திரையை நீக்கச் சொன்னார்.

“ரிஜெக்ட் ஆன பீஸ் திரும்ப லைனுக்கு வரலாமா ஏசு? நீயே சொல்லு. நீதானே குவாலிட்டி!” என்றார் வனமாமலை. “அது மட்டும் இல்ல. தொண்ணூத்திரண்டு மணி நேரம் அந்தப் பொண்ணு நம்ம பயனாளியை மெஷின் மாதிரி ஓடாம டவுன்ல நிறுத்தி வெச்சிருக்கா. அந்த நேரமும் சேவை ஓடியிருந்தா நாம நூத்தி எழுபத்திரண்டு பர்சன்ட் தொட்டிருப்போம். அப்புறம், ஆள் உள்ளே இருக்கும்போது வெளியே பூட்டு. அது பொய் இல்லையா? பொய்க்கு நாம நற்பண்பு விருது கொடுக்கறதா? எனக்கும் மனசாட்சி இருக்குப்பா. அந்தம்மா தூங்கணும்னா தூங்கட்டும், யார் வேண்டாம்னா? சேவை முடிஞ்சதும் தூங்கட்டும்.”

விழா ஜூன் எட்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு என்று முடிவானது. இருபத்தொன்பது பேரில் அறுபது மணி நேரம் தேறியவர்கள் ஒன்பது பேர்தான். மற்றவர்கள் வரிசையில் நின்றே மாதத்தைக் கழித்திருந்தார்கள். பரிசுக் காசோலையை ஆளுயர அட்டையில் பத்து அடித்தாகிவிட்டது. பத்தாவது அட்டையில் பெயர் இல்லை. ‘அதை யாராவது பின்வரிசையில் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், படத்தில் தெரியாது’ என்றார் வனமாமலை. மேடை நடுவில் மீனம்மாளுக்கு ஒரு நாற்காலி. ஒன்பது பேரும் ஆளுக்கு மூன்று நிமிடம் அவருக்குச் சேவை செய்து காட்டுவார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து டைரக்டர் வருகிறார்.

ஒன்பதே முக்காலுக்கு மீனம்மாளை அழைக்கப் போன கார் வெறுமையாகத் திரும்பியது. வீடு பூட்டியிருக்கிறது என்றார் டிரைவர். வனமாமலை ஏசுவடியானையும் ஏற்றிக்கொண்டு அதே காரில் பறந்தார்.

பாண்டிச்செல்வி பெயின்ட் டப்பாவிலிருந்து எழுந்தாள்.

“சாவியைக் கொடும்மா” என்றார் வனமாமலை.

“அக்காட்ட கேட்டுட்டுத் தாரேன் சார்.”

“கேளு.”

“தூங்குதாங்களே.”

“எழுப்பு!”

“எழுப்பக் கூடாதுன்னுதான சார் பூட்டியிருக்கு.”

வனமாமலை கதவைத் தட்டக் கையை ஓங்கினார். ஏசுவடியான் குறுக்கே போய் நின்றார். ஏன் நின்றோம் என்று அவருக்கே விளங்கவில்லை. எட்டு வருஷத்தில் அவர் யாருக்கும் குறுக்கே நின்றதில்லை. அந்த நேரத்தில் வனமாமலையின் போன் அடித்தது. டைரக்டர் சுங்கச்சாவடியைத் தாண்டிவிட்டார்.

“லைன் நிக்குது ஏசு! ஏதாவது பண்ணு!”

லைன் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்பது ஏசுவடியானுக்குத் தெரியும். எந்தத் தொழிற்சாலையிலும் அதற்கு ஒரு தாள் இருக்கிறது. ‘விலகல் அனுமதி’ என்று பெயர். அளவு தவறிய பாகம்தான் கையில் இருக்கிறது, சரியான பாகம் வரவில்லை, லாரி கிளம்பியாக வேண்டும் என்ற நிலையில் இந்தத் தாளை எழுதுவார்கள். என்ன விலகல், ஏன் விலகல், யார் அனுமதித்தார்கள் என்று மூன்று கட்டம். கையெழுத்து விழுந்ததும் தவறு சரியாகிவிடும். அனுமதிக்கும் அதிகாரம் உள்ள வனமாமலை போன்றவர்கள் மாதக் கடைசியில் இதைப் படிக்காமலேயே கையெழுத்துப் போடுவார்கள். அந்த வருஷம் மட்டும் ஏசுவடியான் பதினொரு முறை எழுதியிருந்தார். பதினொரு முறையும் துளை பெரிதாக இருந்த கீல்கள். அந்தக் கதவுகள் எந்தெந்தச் சாலையில் எப்படி ஆடிக்கொண்டு போகின்றனவோ. அதை நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தார்.

சட்டைப் பையிலிருந்து அந்தத் தாள்கள் கட்டிய சிறு புத்தகத்தை எடுத்து, காரின் முன்பக்கத்தில் வைத்து எழுதினார். பயனாளி நேரில் இல்லாமல் விழா நடத்தலாம். பயனாளியைத் தூங்க விட்டதும் சேவையே. ஆகவே பதினேழாம் விண்ணப்பத்தின் சிவப்பு முத்திரை நீக்கப்படுகிறது. காரணம்: லைன் நிற்காமல் இருக்க.

வனமாமலை போனைக் காதில் வைத்துக்கொண்டே மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

பத்தாவது அட்டையில் மார்க்கரால் பாண்டிச்செல்வியின் பெயரை எழுதினார்கள். சாவியைத் தன் அக்காவிடம் கொடுத்துவிட்டு அவள் மேடைக்கு வந்தாள். நடு நாற்காலி காலியாக இருந்தது. டைரக்டர் அது எதற்கு என்று கேட்டார். வனமாமலை தாளைப் பார்த்தார். அப்போதுதான் அதைப் படித்தார். மைக்கைப் பிடித்தபோது குரலில் ஒரு தழுதழுப்பு வந்துவிட்டது.

“நம்ம பயனாளி இப்ப தூங்கிட்டிருக்காங்க சார். ஆமாம், தூக்கம்! எல்லாரும் சோறு போடுவாங்க, துணி கொடுப்பாங்க. தூக்கம் கொடுத்தது நம்ம கம்பெனிதான். இந்த வருஷம் ஒரே ஒரு மாணவி ஒரே ஒரு பூட்டோட இதைப் பைலட் புராஜெக்டா பண்ணிக் காட்டியிருக்காங்க. அடுத்த வருஷம் டார்கெட் முப்பது மாணவர்கள். முப்பது பூட்டு. ஒரே கதவு!”

டைரக்டர் எழுந்து நின்று கைதட்டினார். எல்லோரும் எழுந்தார்கள்.

பாண்டிச்செல்வி பத்தாம் தேதி கட்டணம் கட்டினாள். அதற்கு அடுத்த வார விடுமுறையில் ஏசுவடியான் மறுபடியும் அந்தத் தெருவுக்குப் போனார். மீனம்மாளிடம் சொல்ல வேண்டிய ஒன்று அவரிடம் பாக்கி இருந்தது. மணி பதினொன்று. கதவில் பூட்டு. சொல்ல வேண்டுமென்றால் தட்ட வேண்டும். பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்திருந்த பாண்டிச்செல்வியிடமே சொன்னார்.

“அந்த ஏழாவது விதி கமிட்டி எழுதினது இல்லம்மா. நான் எழுதினேன்.”

“தெரியும் அண்ணாச்சி. கடைசிப் பக்கத்துல, ‘தயாரித்தவர்’னு உங்க பேரு போட்டிருக்கு.”

“அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.”

“அவங்கதான் எனக்குக் காட்டினாவ. எட்டாங்கிளாஸ் பாஸ்லா?”

ஏசுவடியான் சத்தம் வராமல் கேட்டைச் சாத்திவிட்டுப் போனார்.

ஜூன் இருபத்தொன்பதாம் தேதி, மாதத்தின் கடைசி வேலை நாள். விலகல் அனுமதிகள் வழக்கம்போல வனமாமலையின் மேசையில் குவிந்திருந்தன. துளை பெரிதான கீல்களுக்கான தாள் அன்றைக்கு அதில் ஒன்றுகூட இல்லை. ஏசுவடியான் எழுதித் தர மறுத்திருந்தார். அவர் வைத்தது ஒரே தாள், உதவித்தொகை விதிகளுக்கான விலகல். வனமாமலை அதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து நடைமுறை இதுதான். பயனாளிப் பட்டியல் கிடையாது. மாணவர் யாருக்கு உதவினேன் என்று சொல்கிறாரோ அவரிடம், அவர் விழித்திருக்கும் நேரத்தில், மாணவர் பக்கத்தில் இல்லாதபோது இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். நாளைக்கு இவர் வராவிட்டால் தேடுவீர்களா? வந்தபோது படம் எடுத்தாரா? முதல் கேள்விக்கு ஆம் என்றும், இரண்டாவதற்கு இல்லை என்றும் பதில் வந்தால் உதவித்தொகை உண்டு.